குவெட்டாவின் மதில், மதராஸின் உப்பு

1888 ஜனவரியில் மதராஸ் ராஜதானியில் உப்பு விலை ஏறியது. சட்டசபையில் விவாதம் நடக்கவில்லை. கல்கத்தாவிலிருந்து ஓர் அரசாங்க அறிவிக்கை வந்தது. மணங்குக்கு 2 ரூபாயாக இருந்த உப்பு வரி 2 ரூபாய் 8 அணா ஆனது (16 அணா ஒரு ரூபாய்), அவ்வளவுதான். (இது 82 ராத்தல், அதாவது பவுண்டு எடை, கொண்ட அரசாங்க மணங்கு. நம்மூர்ச் சந்தையில் புழங்கிய 25 ராத்தல் மணங்கு வேறு.)

எட்டணாதானே என்று தோன்றும். ஒரு கூலிக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர், ஆளுக்கு வருஷத்துக்கு 15 ராத்தல் உப்பு என்று வைத்துக்கொள்வோம். கஞ்சிக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் சேர்த்து இது ஒன்றும் அதிகமில்லை. மொத்தம் 75 ராத்தல். அதில் வரி மட்டும் ஏறக்குறைய இரண்டேகால் ரூபாய். நாள் கூலி இரண்டணா என்றால், வருஷத்தில் 18 நாள் உழைப்பு உப்பு வரிக்கே போய்விடும். புதிதாக ஏறியது மட்டும் மூன்றரை நாள் கூலி. உப்பு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாசலுக்கு எதிரே கடல் இருந்தாலும் அதைக் காய்ச்சி உப்பெடுத்தால் குற்றம். ஆக, இந்த வரியிலிருந்து தப்ப வழியே இல்லை.

அதே 1888 ஏப்ரலில், மதராஸிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பலுசிஸ்தானத்தில் கோஜக் மலையைக் குடையத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். மலைக்கு அந்தப் பக்கம் சமன். அங்கிருந்து ஆப்கானிஸ்தானத்துக் கந்தகார் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ரயில் கந்தகாருக்குப் போகவில்லை, சமனோடு நின்றுவிட்டது. ஆனால் தேவைப்பட்டால் கந்தகார் வரை மடமடவென்று பாதை போட வேண்டிய தண்டவாளங்களும் தளவாடங்களும் சமனில் தயாராக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தன் அடிவயிற்றில் கத்தியைச் சொருகுவதுபோல இருக்கிறது என்று ஆப்கான் அமீர் அப்துர் ரஹ்மான் நொந்துகொண்டார்.

மதராஸ் உப்புப் பணம் நேராகக் கோஜக்குக்குப் போனது என்று சொன்னால் அது மிகை. எல்லா வரியும் ஒரே பெட்டியில்தான் விழுந்தது. பர்மாவைப் பிடித்த செலவு, வெள்ளி விலை சரிந்து ரூபாயின் மதிப்பு இறங்கியது, இவையும் அந்தப் பெட்டியைக் காலி செய்தன. ஆனால் 1885க்குப் பிறகு வடமேற்கு எல்லைக்காகப் பட்டாளம் பெருத்ததும், அரண்களும் ரயில்களும் எழுந்ததும் பெரிய காரணங்கள் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தகராறெல்லாம் வேறொன்றில்: அந்த மதில் யாருடைய வீட்டு மதில்?

ரஷ்யா மத்திய ஆசியாவில் வேகமாக இறங்கி வந்தது. 1865இல் தாஷ்கண்ட், 1873இல் கீவா, 1884இல் மெர்வ். 1885 மார்ச்சில் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படை ஆப்கான் படையை அடித்து விரட்டியதும் லண்டனில் போர்க் காய்ச்சல் கண்டது. இந்தியாவை இழந்தால் பிரிட்டன் இரண்டாந்தர நாடாகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அப்படியானால் எல்லைக் காவலில் பிரிட்டனுக்கும் பங்கு இருக்கிறது, செலவில் பாதியாவது கொடு என்பது இந்தியர்களின் வாதம். ரஷ்யா வந்தால் முதலில் அடிவாங்கப் போவது இந்தியா, காவலும் இந்தியாவுக்குத்தான், செலவும் அதற்குத்தான் என்பது லண்டனின் பதில். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த மதில், எங்கே, எவ்வளவு உயரம் என்று முடிவு செய்தவர் ஒருவர், செங்கல்லுக்குக் காசு கொடுத்தவர் வேறொருவர். மிராசுதார் தன் பண்ணைக்கு வேலி போட்டுவிட்டு, வேலி உன்னையும்தானே காக்கிறது என்று பண்ணையாளின் கூலியில் பிடித்தம் செய்வது மாதிரி.

வெள்ளையர் குடியேறிய காலனிகளில் பிரிட்டன் இப்படி நடந்துகொள்ளவில்லை. காரணம், ஒருமுறை சூடுபட்டிருந்தது. பிரான்ஸுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்ததும், வட அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்தத் திட்டமிட்டார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை அங்குள்ளவர்களிடமிருந்தே எடுக்க 1765இல் முத்திரைத்தாள் வரி போட்டார்கள். அது அமெரிக்க விடுதலைப் போரில் போய் முடிந்தது ஊரறிந்த கதை. அப்புறம் வெள்ளையர் குடியேறிய காலனிகள் விஷயத்தில் லண்டன் ஜாக்கிரதையாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி எல்லையில் கோசா மக்களோடு நடந்த போர்களுக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் வரிதாரர்தான் காசு கொடுத்தார். சுயாட்சி பெற்ற காலனிகள் தங்கள் உள்நாட்டுப் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1862இல் நாடாளுமன்றக் கீழவை தீர்மானம் போட்டபோதுகூட, பட்டாளத்தை மெல்ல மெல்லத்தான் திரும்ப அழைத்தார்கள். பேரம் பேச அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள் இருந்தன. இந்தியாவில் இல்லை.

இந்தியாவுக்கு ஒரு கவசம் இருந்தது, காகிதத்தில். கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு அது. படையெடுப்பைத் தடுக்கவோ விரட்டவோ, அல்லது திடீரென்று வந்த அவசரத்துக்கோ தவிர, இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ராணுவ நடவடிக்கைக்கு இந்திய வருவாயை நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் சம்மதம் இல்லாமல் செலவழிக்கக் கூடாது. நல்ல பிரிவுதான். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். சம்மதம் தரவேண்டியது பிரிட்டிஷ் நாடாளுமன்றம். பில்லை இன்னொருவர் தலையில் கட்டச் சம்மதிப்பதில் எந்த உறுப்பினருக்கும் கஷ்டம் இல்லை. இன்னொன்று நுட்பமானது. ‘எல்லைக்கு வெளியே’ என்றால் எது? எல்லைக்கோட்டை நகர்த்திக்கொண்டே போனால் நேற்றைய வெளி இன்றைக்கு உள்ளே வந்துவிடும். 1893இல் டியூராண்ட் கோடு போட்டதும் பட்டாணியர்களின் மலைகள் பெரும்பகுதி இந்தப் பக்கம் வந்துவிட்டன. அங்கே நடக்கும் சண்டை இனி ‘உள்விவகாரம்’.

இந்தப் பிரிவுக்கு முதல் பெரிய சோதனை 1878இல் தொடங்கிய இரண்டாம் ஆப்கான் போர். தமிழர்களைப் பொறுத்தவரை அந்தக் கதை போர்முனையில் தொடங்கவில்லை, கஞ்சித்தொட்டியில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அந்தக் களேபரத்தில் வைஸ்ராய் லிட்டனும் அவரது நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ரேச்சியும் ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள்: இனி வரும் பஞ்சத்துக்காக ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கி வைப்போம். அதற்குப் பணம்? தொழில் செய்வோர் மீது லைசென்ஸ் வரி. மதராஸில் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணா. பஞ்சம் இன்னும் முழுதாக ஓயாத ஊரில் உப்புக்கு 11 அணா கூடுதல். (இடையில் 2 ரூபாய்க்கு இறங்கித்தான் 1888இல் மறுபடி ஏறியது.) (வங்காளத்தில் இதே நேரத்தில் உப்பு வரி குறைந்தது. நாடு முழுவதும் வரியைச் சமப்படுத்துகிறோம் என்று விளக்கம் சொன்னார்கள்.)

1878 நவம்பரில் ஆப்கான் போர் மூண்டது. அடுத்த பட்ஜெட்டிலேயே பஞ்ச நிதி நிறுத்தி வைக்கப்பட்டது. வரிகள் மட்டும் நிற்கவில்லை. பஞ்சத்துக்கென்று பிரித்த பணம் போருக்குப் போய்விட்டது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியதற்கு அரசாங்கத்திடம் உருப்படியான பதில் இல்லை. பணத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை என்பதுபோல ஏதோ சொல்லிச் சமாளித்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறுத்தும் இடம் இதுதான். மற்றதெல்லாம் ராஜதந்திரம், வியூகம் என்று ஏதாவது பெயர் சொல்லலாம்.

லண்டனில் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி ஃபாசெட். இளம் வயதில் துப்பாக்கி விபத்தில் இரண்டு கண்களையும் இழந்தவர். இந்தியக் கணக்குகளைப் பிறர் வாசிக்கக் கேட்டே கரைத்துக் குடித்தவர். ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்று அவருக்குப் பட்டப்பெயர். 1878 டிசம்பரில், ஆப்கான் போர்ச் செலவை இந்தியா மேல் போடக் கூடாது என்று அவர் வாதாடினார். தோற்றார். 1867இல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது அவருக்காக இந்தியா ஆபீஸ் (இந்தியாவைக் கவனித்த லண்டன் அமைச்சகம்) ஒரு நடன விருந்து வைத்து, அந்தச் செலவையும் இந்தியக் கணக்கில் எழுதியதே, அதைத் துருவியவரும் இவர்தான். விருந்துக்கே பில் அனுப்பியவர்கள் போருக்கு விடுவார்களா?

சரி, போர்ச் செலவு எவ்வளவு? இங்கேதான் கூத்து. அறுபது லட்சம் பவுண்டுக்குள் முடிந்துவிடும், பட்ஜெட்டில் மிச்சம்கூட இருக்கிறது என்று 1880 தொடக்கத்தில் ஸ்ட்ரேச்சி கணக்குக் காட்டினார். இங்கிலாந்தில் தேர்தல் முடிந்த சில வாரங்களில் உண்மை வெளியே வந்தது. கணக்கில் பெரிய பள்ளம். களத்தில் கமிசேரியட் (படைக்கான உணவு, தளவாட வழங்கல் துறை) அதிகாரிகள் கருவூலங்களிலிருந்து ரொக்கத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அது செலவாகத் தணிக்கைக் கணக்கில் ஏற மாதங்கள் ஆயின. காகிதத்தில் செலவு குறைவாகத் தெரிந்தது, கருவூலத்தில் பணம் கரைந்துகொண்டே போனது. பாரம் சுமந்த ஒட்டகங்கள் மட்டுமே பல்லாயிரக்கணக்கில் செத்து விழுந்தன, ஒவ்வொன்றுக்கும் பதில் ஒன்று வாங்க வேண்டும். கடைசியில் மொத்தம் 170 லட்சம் பவுண்டைத் தாண்டியது. புதிதாக வந்த கிளாட்ஸ்டன் அரசு 50 லட்சம் பவுண்டு கொடுத்தது. மீதி இந்தியா. அந்த 50 லட்சத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எல்லைப் போரில் பிரிட்டனுக்கும் பங்கு உண்டு என்று பிரிட்டனே ஒத்துக்கொண்டதற்கு அது சாட்சி. பிற்பாடு தாதாபாய் நௌரோஜி அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

அதே கிளாட்ஸ்டன் அரசு, பலுசிஸ்தானத்துப் பட்டாள நகரமான குவெட்டாவுக்குப் போட்ட ரயில் வேலையையும் 1880இல் நிறுத்தியது. 1883இல் மனம் மாறியபோது வெளியே சொல்ல வெட்கம். அதனால் வேலைக்கு ‘ஹர்னாய் சாலை மேம்பாட்டுத் திட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். சாலை என்ற பெயரில் மலைப்பிளவுகளுக்கிடையே ரயில் பாதை! பஞ்ச்தேக்குப் பிறகுதான் முகமூடியைக் கழற்றினார்கள். 1887இல் அந்தப் பாதை குவெட்டாவை எட்டியது. வணிகத்துக்கு அதில் பெரிய ஆதாயம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

1885இல் பட்டாளத்தைச் சுமார் 30,000 பேர் அளவுக்குப் பெருக்க முடிவானபோது எதிர்ப்பு வந்த இடம் ஆச்சரியமானது. வைஸ்ராயின் நிர்வாக சபையிலேயே இருவர் மறுத்து எழுதினார்கள்: சட்ட உறுப்பினர் இல்பர்ட், நிதி உறுப்பினர் ஆக்லண்ட் கால்வின். இவ்வளவு படை தேவையில்லை, கையில் பெரிய படை இருந்தால் எல்லைக்கு அப்பால் போகத்தான் ஆசை வரும் என்பது அவர்கள் கவலை. சபை கேட்கவில்லை. சில மாதங்களில், பணத்துக்கு வழிபண்ண வேண்டிய நிலையில், அதே கால்வின்தான் 1886இல் வருமான வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 500 ரூபாய்க்குக் கீழே விலக்கு. விவசாய வருமானத்துக்கும் விலக்கு. அந்த இரண்டாவது விலக்கு இன்றுவரை நம்மிடம் தொடர்கிறது என்பது ஒரு பக்கக் கிளைக்கதை.

1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் இந்தப் படைப்பெருக்கத்தைத் தேவையற்றது, நாட்டின் சக்திக்கு மீறியது என்று தீர்மானம் போட்டது. தின்ஷா வாச்சா புள்ளிவிவரங்களோடு பேசினார். அதே மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் மதராஸின் ஜி. சுப்பிரமணிய ஐயர். ‘தி இந்து’வையும் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கியவர். இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்பது அவரது தீர்மானம்.

கமிஷன் வரப் பத்தாண்டு ஆனது. 1895இல் லார்டு வெல்பி தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. இந்தியச் செலவு எப்படி நிர்வகிக்கப்படுகிறது, பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் பொதுவான காரியங்களில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே விசாரணைப் பொருள். நௌரோஜி அதில் உறுப்பினர். 1897இல் சாட்சி சொல்ல இந்தியாவிலிருந்து நால்வர் கப்பலேறினார்கள்: வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி, 30 வயது கோகலே, நம்முடைய சுப்பிரமணிய ஐயர். ஐரோப்பிய நிபுணர்கள் குறுக்குக் கேள்வி கேட்க, பத்திரிகைக்காரரும் பேராசிரியருமாக இருந்த இவர்கள் அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களைக் கொண்டே அரசாங்கத்துக்குப் பதில் சொன்னார்கள்.

அந்தச் சாட்சியங்களில் சண்டையின் மறுபக்கம் ஒன்றும் துலங்கியது: கல்கத்தாவிலிருந்த இந்திய அரசாங்கமே லண்டனோடு இழுபறியில் இருந்தது. பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் இந்தியாவுக்கு வருவதற்கு முன் இங்கிலாந்தில் அவரைச் சேர்க்கவும் பயிற்றுவிக்கவும் ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று இந்தியா கட்ட வேண்டும். 1860களில் தலைக்கு 10 பவுண்டு, பின்னால் ஏழரை. அந்தச் சிப்பாய் சில வருஷம் கழித்து ஊர் திரும்பினால் பிரிட்டனின் சேமப்படையில் சேருவார். பயிற்சிக்குக் காசு இந்தியா, பலன் பிரிட்டனுக்கு. இதெல்லாம் பவுண்டில் கட்டணும். 1870 வாக்கில் 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய் 1890களின் நடுவில் 1 ஷில்லிங் 1 பென்ஸ் அளவுக்கு விழுந்துவிட்டது. அதே பில், ரூபாயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வைஸ்ராய்கள் ஒருவர் பின் ஒருவராக இதைப் பற்றி லண்டனுக்குப் புலம்பல் கடிதங்கள் எழுதினார்கள். வெள்ளைக்காரர்கள் என்றாலும், பற்றாக்குறை பட்ஜெட்டை மூடி மறைக்கும் வேலை அவர்களுடையதாயிற்றே.

1896இல் சூடான் போருக்காக இந்தியப் படை செங்கடல் துறைமுகமான சுவாக்கினுக்கு அனுப்பப்பட்டது. அந்தப் படையின் வழக்கமான சம்பளச் செலவை இந்தியாவே ஏற்க வேண்டும் என்று நாடாளுமன்றம் முடிவு செய்ய, இந்திய அரசாங்கம் எழுத்து மூலம் ஆட்சேபித்தது. பயனில்லை. அப்போது பிரதமர் லார்டு சாலிஸ்பரி. இதே மனிதர், 1867இல் கிரான்போர்ன் என்ற பெயரில் கீழவையில் இருந்தபோது, அபிசீனியப் (எத்தியோப்பியப்) போர் விவாதத்தில், காசு கொடுக்காமல் எத்தனை படையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் கீழைக்கடல் பாசறையாக இந்தியாவை நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னவர். அது இங்கிலாந்துக்கும் கெடுதல், சின்னச் சின்னப் போர்களில் இறங்கும் ஆசைக்குக் கடிவாளம் அதற்குப் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் மட்டுமே என்றும் சொன்னார். இந்த விஷயத்தில் அவரைவிடத் தெளிவாக யாரும் பேசியதில்லை. 1895இல், முந்தைய அரசு விட்டுவிட்டு வரத் தீர்மானித்த சித்ரால் என்ற எல்லை மலை நாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவெடுத்ததும் அவர் அரசுதான். இரண்டு ஆண்டுக்குள் எல்லை முழுக்கத் தீப்பற்றி, திரா மலைகளில் பெரும்போர்.

1900இல் வெல்பி கமிஷன் அறிக்கை வந்தது. வடமேற்கு எல்லைக் காவலில் இந்தியாவுக்கு நேரடி நலன் இருக்கிறது, ஆகவே செலவும் அதனுடையது என்பது பெரும்பான்மையின் முடிவு. சில செலவினங்களில் மட்டும் பிரிட்டன் கொஞ்சம் தரலாம் என்றார்கள். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் பவுண்டுக்கும் குறைவு. கமிஷன் உறுப்பினர்களான நௌரோஜி, வெடர்பர்ன், கெயின் மூவரும் மாற்றுக் கருத்து எழுதினார்கள்.

மதராஸுக்கு இதில் இன்னொரு அடியும் விழுந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானார். தென்னிந்தியச் சிப்பாய் ரஷ்யனுக்கு முன் நிற்கமாட்டான் என்பது அவர் துணிபு. ‘வீர இனங்கள்’ என்று வடமேற்குப் பக்கத்தவரையே சேர்க்கத் தொடங்கினார்கள். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன, சிலவற்றில் பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றினார்கள். எல்லைக்காக வரி கட்டு, ஆனால் எல்லையில் உனக்கு வேலை இல்லை. செங்கல்பட்டிலும் திருநெல்வேலியிலும் வசூலான பணம் பஞ்சாபில் சம்பளமாகப் பட்டுவாடா ஆனது.

அப்புறம் கதை மெதுவாகத் திரும்பியது. 1903இல் உப்பு வரி 2 ரூபாய்க்கு இறங்கி, 1907இல் 1 ரூபாயானது. 1933இல், நீண்ட பேச்சுக்குப் பிறகு, இந்தியாவின் பாதுகாப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டு தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கணக்கே தலைகீழ்: இந்தியா தன் வழக்கமான ராணுவச் செலவையும் தன் சொந்தக் காவலுக்கான போர்ச் செலவையும் ஏற்கும், மற்றதைப் பிரிட்டன் தரும் என்று ஒப்பந்தம். பிரிட்டன் கையில் ரொக்கம் இல்லாததால் லண்டனில் இந்தியாவின் பெயரில் கடனாக எழுதி வைத்தார்கள். போர் முடிந்தபோது அது 130 கோடி பவுண்டு அளவில் நின்றது. காலமெல்லாம் பில் கட்டிய காலனி கடன் கொடுத்தவனாகிவிட்டது. உப்பு வரி 1947 ஏப்ரலில் ஒழிந்தது.

ஹர்னாய் ‘சாலை’யின் ஒரு பகுதியை 1942 ஜூலையில் வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, அதைத் திரும்பக் கட்டவில்லை. கோஜக் சுரங்கம் இருக்கிறது. பழைய நோட்டு சேர்ப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் பாகிஸ்தானின் பழைய ஐந்து ரூபாய்த் தாளைக் காட்டச் சொல்லுங்கள், அதன் பின்பக்கத்தில் அந்தச் சுரங்கத்தின் வாய் தெரியும். ரஷ்யன் அந்த வழியாக வரவே இல்லை. தண்டவாளமும் சமனைத் தாண்டிக் கந்தகாருக்குப் போகவே இல்லை.